கல்லெறி தூரம்

"யாராவது ஒருவர் எழுந்து ஜெபத்தில் நடத்துங்கள்" என்று போதகர் ஐயா சொல்லிவிட்டுச் சற்று நிறுத்துவார். உடனே சபையில் பாதிப் பேருடைய முகம் என் பக்கம் திரும்பும். பதினைந்து வருடங்களுக்கு மேல் அப்படித்தான் நடந்தது. நான் எழுந்து, தலையில் முக்காடிட்டு, கண்ணை மூடி, "அன்பும் இரக்கமும் நிறைந்த எங்கள் பரம பிதாவே, கடந்த வாரம் முழுவதும் எங்களைக் கண்ணின் கருமணிபோலக் காத்துவந்த கிருபைக்காக உம்மை ஸ்தோத்திரிக்கிறோம்" என்று தொடங்குவேன். அதற்குப் பிறகு சொற்கள் தாமாக வரும். வியாதியஸ்தர்கள், பிரயாணம் போனவர்கள், தேர்வு எழுதும் பிள்ளைகள், விதவைகள், திக்கற்றவர்கள், தேசத்தை ஆளுகிறவர்கள் என்று ஒருவரையும் விடாமல் ஏழெட்டு நிமிடம் ஜெபிப்பேன். ஓர் இடத்தில்கூட நாக்கு தடுக்காது. ஆமென் சொன்னதும் முன்வரிசைப் பாட்டிமார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். "பாப்பா ஜெபித்தால் மனது கரைந்துவிடுகிறது" என்பார்கள்.

அவர்கள் மனது கரைந்தது உண்மை. அந்த ஜெபங்கள் வீண் என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை. ஆனால் அந்தப் பதினைந்து வருடங்களில், யாரும் கேட்காத இடத்தில் இருந்து நான் ஆண்டவரோடு மனம்விட்டு ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசவில்லை என்பதே எனக்குத் தெரியாமல் இருந்தது. அதைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

யாங்கோனில் பிறந்து வளர்ந்த தமிழச்சி நான். வீட்டில் இன்றும் ரங்கூன் என்றுதான் சொல்கிறோம். திருநெல்வேலிப் பக்கமிருந்து கப்பலேறி வந்தவர் என் தாத்தா. 1941 டிசம்பரில் ஜப்பான் விமானங்கள் ரங்கூன் மீது குண்டு வீசியபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் இந்த ஊரை விட்டுப் போனார்கள். பலர் காட்டு வழியாக நடந்தே போனார்கள், வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். 1964இல் வணிகங்கள் அரசுடைமையானபோது மறுபடியும் கப்பல் கப்பலாகப் போனார்கள். இரண்டு முறையும் போகாமல் இருந்துவிட்ட குடும்பம் எங்களுடையது. நான் படித்தது பர்மியப் பள்ளிக்கூடத்தில். கடைத்தெருவில், பஸ்ஸில், ஆஸ்பத்திரியில் எல்லாம் பர்மியமொழிதான். தமிழ் எழுத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஞாயிறு பள்ளி. அப்பாவின் பெரிய எழுத்து வேதாகமத்தில் விரல் வைத்து எழுத்துக் கூட்டித்தான் படிக்கக் கற்றேன். இந்துக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கோவிலில் நடக்கும் மாலை வகுப்பு எப்படியோ, எங்களுக்கு அப்படித்தான் சபை.

இதனால் ஒன்று நடந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணிநேரம் நல்ல தமிழ் கேட்கக் கிடைக்கும் இடமாகச் சபை ஆகிவிட்டது. பெண் பார்ப்பது, வேலைக்குச் சொல்லிவிடுவது, சாவு வீட்டுக்கு ஆள் சேர்ப்பது எல்லாமே அங்கேதான். சிறுபான்மையாக வாழும் மக்களுக்கு இது எவ்வளவு பெரிய துணை என்பது வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. அந்தத் துணையை நான் ஒருநாளும் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் ஒருமுறை தம்பி பிள்ளைகள் ஆராதனைக்கு வருவதை நிறுத்தியபோது, அவனைக் கூப்பிட்டுக் கடிந்துகொண்டேன். "பிள்ளைகளை அனுப்பி வை, தமிழ் மறந்துவிடுவார்கள்" என்றேன். ஆண்டவரை மறந்துவிடுவார்கள் என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து வெகுநேரம் கழித்துத்தான் நான் சொன்னது என் காதில் விழுந்தது. விழுந்தும் அதைத் தள்ளிவிட்டேன்.

வீட்டில் அப்பாவுக்கு இரவு 7 மணி என்றால் 7 மணிதான். யாங்கோனின் தாம்வே பகுதியில் மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. மின்சாரம் இருந்தால் விளக்கு, இல்லாவிட்டால் மெழுகுவத்தி. ஒரு பாமாலைப் பாட்டு, வேதத்தில் ஓர் அதிகாரம், முழங்காலில் ஜெபம். அதிகாரத்தைத் தாவ விடமாட்டார். ஆதியாகமத்தில் தொடங்கி வெளிப்படுத்தல் வரை வரிசையாகப் போக வேண்டும். வேதத்தில் மொத்தம் 1189 அதிகாரங்கள். நாளுக்கு ஒன்றென்று ஒரு சுற்று முடிய மூன்றேகால் வருடம் ஆகும். முடிந்த மறுநாள் மறுபடியும் "ஆதியிலே தேவன்." லேவியராகமத்துப் பலிகள், எண்ணாகமத்துக் கணக்குகள், நாளாகமத்து வம்ச வரலாறுகள் எதையும் அவர் விட்டதில்லை. ஒரே ஏற்ற இறக்கத்தில், பெயர் பெயராக, நிறுத்தி வாசிப்பார். ஜெபமும் ஒன்றேதான். எந்த வாக்கியத்துக்குப் பிறகு எது வரும் என்று எனக்கும் தம்பிக்கும் மனப்பாடம். சிறு வயதில் அவருக்கு முன்னாலேயே உதட்டுக்குள் முடித்துவிடுவோம்.

இருபது வயதில் ஒரு வாலிபர் முகாமுக்குப் போயிருந்தேன். ஏசாயா 29ஆம் அதிகாரத்தை எடுத்துப் பிரசங்கம் செய்தார்கள். இந்த ஜனங்கள் உதடுகளினால் என்னைக் கனம்பண்ணுகிறார்கள், அவர்கள் இருதயமோ எனக்குத் தூரமாய் இருக்கிறது என்று ஆண்டவர் வருந்துகிற இடம் அது. அந்த வசனத்தைக் கேட்டதும் என் கண்முன் வந்தது அப்பாவின் முகம். இதுதான் ஆசாரம், இதுதான் உயிரில்லாத பக்தி, எனக்கு இது வேண்டாம் என்று அன்று முடிவு செய்தேன். வீட்டுக்கு வந்து அவரிடம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து 7 மணிக்கு என் உடம்பு மட்டும்தான் அங்கே உட்கார்ந்தது.

2020 மார்ச்சில் மியான்மாரில் கொரோனா உறுதியானதும் ஆராதனைகள் நின்றுபோயின. முதல் ஞாயிறு, கைபேசியில் போதகர் அனுப்பிய செய்தியைக் கேட்டேன். இரண்டாம் ஞாயிறும் கேட்டேன். பிறகு துவைக்கும்போது கேட்டேன். பிறகு கேட்கவில்லை. மழைக்காலம் வருவதற்குள் எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. யாரும் கேட்காவிட்டால் நான் ஜெபிப்பதில்லை. ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டு முழங்காலில் நின்று பார்த்தேன். அறைவீட்டுக்குள் பிரவேசித்துக் கதவைப் பூட்டி, அந்தரங்கத்தில் இருக்கிற பிதாவை நோக்கி ஜெபம்பண்ணு என்று இயேசு சொன்னாரே, அதன்படி. "அன்பும் இரக்கமும் நிறைந்த" என்று தொடங்கினேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. மேடை இல்லாமல் நாடக வசனம் பேசுவது போல் இருந்தது. எழுந்துவிட்டேன். அடுத்த அறையில் அப்பா வழக்கம்போல வாசித்துக்கொண்டிருந்தார்.

2021 ஜூலை யாங்கோன்காரர்கள் யாருக்கும் மறக்காது. மருந்து வேண்டிய வீட்டில் மஞ்சள் துணி, உணவு வேண்டிய வீட்டில் வெள்ளைத் துணி என்று ஜன்னல்களில் தொங்கவிட்ட மாதம் அது. ஆஸ்பத்திரிகளில் இடம் இல்லை. அப்பாவுக்கு ஐந்தாம் நாள் மூச்சு வாங்கத் தொடங்கியது. விரலில் மாட்டிப் பார்க்கும் கருவியில் எண் 82க்கு இறங்கியது. சபைத் தம்பி ஒருவன் எங்கிருந்தோ ஒரு காலி ஆக்ஸிஜன் சிலிண்டர் கொண்டுவந்து கொடுத்தான். அதைச் சைக்கா என்னும் சைக்கிள் ரிக்‌ஷாவில் படுக்க வைத்துக் கட்டிக்கொண்டு, ஊருக்கு வெளியே தொழிற்பேட்டையில் நிரப்பித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்ட இடத்துக்கு விடியும்போதே போய்ச் சேர்ந்தேன்.

எனக்கு முன்னால் தெரு முனை வரை சிலிண்டர்கள். மனிதர்கள் ஓரமாகக் குந்தியிருக்க, சிலிண்டர்கள் வரிசையில் நின்றன. ஒவ்வொன்றின் தோளிலும் வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு பெயர். அப்பாவின் பெயரை நானும் பர்மிய எழுத்தில் எழுதியிருந்தேன். மழை பெய்தது. பெயர் கரைந்துவிடுமோ என்று முக்காட்டுத் துணியால் மூடிவைத்தேன். எனக்கு முன்னால் நின்றவர் நூற்றெட்டு மணி மாலையை உருட்டிக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு முஸ்லிம் அம்மா முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். வரிசை ஓர் அடி நகர்ந்தால் எல்லோரும் எழுந்து அவரவர் சிலிண்டரை உருட்டி நகர்த்தினோம். அந்த இரும்பு சிமெண்டில் உரசும் சத்தம் இன்னும் எனக்குள் இருக்கிறது.

அங்கேதான் ஜெபிக்க வேண்டும் என்று நினைத்தேன். "பரம பிதாவே" என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. பதினைந்து வருடச் சொற்கள் ஒன்றுகூட வரவில்லை. அந்தத் தமிழில் எனக்கு மூச்சுத் திணறலுக்குச் சொல் இல்லை, பயத்துக்குச் சொல் இல்லை, வரிசையில் எனக்கு முன்னால் நிற்கும் ஐம்பது பேர் மீது வந்த பொறாமைக்குச் சொல் இல்லை. கடைசியில் வாயில் வந்தது பர்மியம். "அபா பயா" என்றேன், பிதாவாகிய தேவனே என்று. பிறகு "கூஞி பா", உதவி செய்யும். அவ்வளவுதான். திரும்பத் திரும்ப அது மட்டும். காய்கறிக்காரியிடம் பேசும் மொழியில், பஸ் நடத்துநரிடம் பேசும் மொழியில், ஆண்டவரிடம் பேசினேன். அந்த இரண்டு சொற்களைச் சொல்லும்போது என் பேச்சைக் கேட்க ஒருவர் இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் விளக்கத் தெரியவில்லை. இருட்டான வீட்டுக்குள் நுழையும்போது உள்ளே ஆள் இருப்பது தெரியுமே, அப்படி.

பர்மியத்தில் 'பயா' என்றால் புத்தர், பகோடா, தெய்வம் எல்லாம்தான். அந்தச் சொல்லையே எடுத்துக் கிறிஸ்தவ வேதத்தில் வைத்தவர், வேதத்தைப் பர்மியத்தில் மொழிபெயர்த்த அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன். கர்த்தர் என்று நாம் வாசிக்கும் இடத்தில் அவருடைய பர்மிய வேதாகமத்தில் 'தாவர பயா' என்று இருக்கும், நிலையான தேவன் என்ற பொருளில். 'தாவர' என்பது பாலிச் சொல். அசையாமல் நிற்பதால் செடிகொடிகளைத் தாவரம் என்கிறோமே, அந்தச் சொல்லும் இதுவும் ஒரே வேரில் வந்தவை. சிறு வயதிலிருந்து இரண்டு வேதங்களையும் கேட்டு வளர்ந்த எனக்கு, ஆண்டவரும் அரசமரமும் ஒரே சொல்லில் நிற்பது பிடிக்கும்.

ஜட்சனைப் பற்றி எங்கள் ஞாயிறு பள்ளியில் சொல்லாத வருடம் இல்லை. 1813இல் அவரும் மனைவி ஆனும் ரங்கூனில் இறங்கினார்கள். முதல் பர்மியர் ஞானஸ்நானம் பெற ஆறு வருடம் ஆனது. 1824இல் பிரிட்டிஷாரோடு போர் வந்ததும், அப்போதைய பர்மியத் தலைநகரான ஆவாவில் அவரைச் சிறையில் போட்டார்கள். மொழிபெயர்ப்புக் கையெழுத்துப் பிரதியை ஆன் ஒரு தலையணைக்குள் வைத்துத் தைத்துக் கொடுத்தார். தலையணைக் கதையோடு பாடம் முடிந்துவிடும். அதற்குப் பிறகு நடந்ததை நான் பெரியவளான பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். 1826இல் ஆன் இறந்தார். ஆறு மாதத்தில் இரண்டு வயது மகளும் இறந்தாள். ஜட்சன் மோல்மீன் பக்கத்துக் காட்டில் ஒரு குடிசை போட்டுத் தனியே இருந்தார். ஒரு குழியைத் தோண்டி அதன் ஓரத்தில் உட்கார்ந்து தன் சாவைப் பற்றியே சிந்தித்துக்கொண்டிருந்தார். அந்த நாட்களில் எழுதிய ஒரு கடிதத்தில், தேவன் எனக்கு அறியப்படாதவராகவே இருக்கிறார், அவரை விசுவாசிக்கிறேன், ஆனால் அவரைக் காணவில்லை என்று எழுதினார். ஒரு தேசத்துக்கே ஆண்டவருடைய பெயரைச் சொல்லிக்கொடுத்த மனிதர் எழுதியது இது. 1834 ஜனவரியில் அவர் முழு வேதாகமத்தையும் பர்மியத்தில் முடித்தார்.

இந்தக் கடிதத்தைச் சபைகளில் வாசிக்க வேண்டும் என்பது என் எண்ணம். உறவு உறவு என்று இன்று மேடைக்கு மேடை பேசுகிறோம். ஆண்டவரோடு தனிப்பட்ட உறவு வேண்டும், வெறும் சடங்கு உதவாது என்கிறோம். சரிதான். ஆனால் கேட்கிறவர்கள் அதை ஓர் உணர்ச்சி என்று எடுத்துக்கொள்கிறார்கள். கண்ணீர் வந்தால் உறவு இருக்கிறது, வராவிட்டால் இல்லை. அப்படிப் பார்த்தால் காட்டுக் குடிசையில் இருந்த ஜட்சனுக்கு உறவே இல்லை, ஞாயிறுதோறும் பாட்டிமாரை அழவைத்த எனக்கு நிறைய இருந்தது. காணவில்லை என்று ஆண்டவருக்கு முன்னாலேயே ஒருவர் சொல்லத் துணிகிறார் என்றால், அவர் யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறார். நான் காணவில்லை என்றுகூட அதுவரை சொன்னதில்லை. தேடியிருந்தால்தானே.

சிலிண்டர் மாலையில் நிரம்பியது. வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினோம். அப்பா மேலும் மூன்று நாள் இருந்தார்.

இரண்டாம் நாள் இரவு அவர் என்னைப் பார்த்தார், பிறகு சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். ஏழாக ஐந்து நிமிடம் இருந்தது. எனக்குப் புரிந்தது. பேச அவருக்கு மூச்சு இல்லை. நான் பக்கத்தில் முழங்காலில் நின்றேன். என்னாலும் பேச முடியவில்லை. சிலிண்டரின் சீறல் மட்டும் கேட்டது. நிமிர்ந்து பார்த்தபோது, முகமூடிக்குள் அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. வரிசை எனக்குத் தெரியுமே, அதனால் கூடவே போக முயன்றேன். ஆனால் உதட்டின் அசைவு அந்த ஜெபத்துக்குப் பொருந்தவில்லை. வேறு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஒருநாளும் கேட்காத ஒன்றை. வெகுநேரம் சொன்னார். நடுவில் ஒருமுறை, எதிரில் இருப்பவர் சொன்னதற்குத் தலையசைப்பது போல மெல்லத் தலையசைத்தார்.

சாமுவேலின் முதலாம் புத்தகத்தில் அன்னாள் ஆலயத்தில் நின்று ஜெபிப்பாள். உதடு மட்டும் அசையும், சத்தம் கேட்காது. ஆசாரியனாகிய ஏலி பார்த்துவிட்டு, இவள் குடித்திருக்கிறாள் என்று நினைப்பான். வருடக்கணக்காக ஆலயத்தில் பணிசெய்தவனுக்குக் கண்ணெதிரே நடந்த ஜெபம் ஜெபமாகத் தெரியவில்லை. அந்தக் கதையைக் குறைந்தது நூறு முறை சிறுபிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஏலி யார் என்பது அன்றிரவுதான் எனக்குத் தெரிந்தது. நாற்பது வருடம் ஒரே வாக்கியங்களைச் சொன்ன என் அப்பாவைப் பார்த்து, உள்ளே ஒன்றுமில்லை என்று முடிவு கட்டியவள் நான். உள்ளே ஒன்றுமில்லாமல் இருந்தது என்னிடம்.

அப்பாவை அடக்கம் செய்யக் கூட்டம் இல்லை, பாட்டு இல்லை. போதகர் தொலைபேசியில் ஜெபித்தார். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் முடியாது.

அதன் பிறகு லூக்கா சுவிசேஷத்தை மெதுவாகப் படித்தேன். ஒரே சொல் இரண்டு இடத்தில் வந்து என்னை நிறுத்தியது. நான்காம் அதிகாரத்தில் இயேசு "தம்முடைய வழக்கத்தின்படியே" ஓய்வுநாளில் ஜெப ஆலயத்துக்குப் போகிறார். இருபத்திரண்டாம் அதிகாரத்தில், பிடிபடப்போகிற இரவில், "வழக்கத்தின்படியே" ஒலிவமலைக்குப் போகிறார். அவருக்கே வழக்கம் இருந்திருக்கிறது, அதுவும் இரண்டு. ஒன்று எல்லோரும் கூடும் இடத்துக்கு. இன்னொன்று மலைக்கு. மலைக்குச் சீஷர்களும் கூடப் போனார்கள். ஆனால் அவர் அவர்களை விட்டுக் கல்லெறி தூரம் அப்பால் போய் முழங்காலில் நின்றார் என்று லூக்கா எழுதுகிறார்.

கல்லெறி தூரம் என்பது அதிக தூரம் இல்லை. கூப்பிட்டால் கேட்கும். ஆனால் மெல்லப் பேசினால் கேட்காது. நான் சீஷர்கள் படுத்திருந்த இடம் வரை தவறாமல் போய்க்கொண்டிருந்தேன். அந்தக் கடைசிக் கல்லெறி தூரம்தான் போகவில்லை. அப்பா வழக்கத்தைச் சுமந்துகொண்டே அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார் என்று நம்புகிறேன். தானியேலும் அப்படித்தான். ராஜாவைத் தவிர யாரிடமும் வேண்டக் கூடாது என்று கட்டளை வந்த அன்றும், தான் முன் செய்துவந்தபடியே மூன்று வேளை ஜன்னல் திறந்து முழங்காலிட்டான். முன் செய்துவந்தது இருந்ததால்தான் அன்றும் செய்ய முடிந்தது.

இப்போது காலையில் அடுப்பு பற்றவைக்கும் முன் சமையலறைத் தரையில் உட்கார்ந்து ஆண்டவரோடு பேசுகிறேன். தமிழும் பர்மியமும் கலந்த, எழுதினால் பிழையாகத் தெரியும் மொழியில். கோபம் வந்தால் கோபத்தையும் சொல்கிறேன். சில நாள் சொல்ல ஒன்றும் இருக்காது, உட்கார்ந்துவிட்டு எழுந்துவிடுவேன். வறண்ட நாட்கள் உண்டு, வாரங்களும் உண்டு.

சபை மறுபடியும் கூடத் தொடங்கியபோது, போதகர் ஐயா பழையபடி "யாராவது ஒருவர்" என்றார். முகங்கள் திரும்பின. எழுந்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் நின்றேன். பிறகு, "ஆண்டவரே, எங்களில் பலரை எடுத்துக்கொண்டீர். எங்களுக்கு வலிக்கிறது. எங்களோடு இரும்" என்று சொல்லி ஆமென் சொன்னேன். வெளியே செருப்பைத் தேடும்போது ஒரு பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு, "உடம்பு சரியில்லையா பாப்பா?" என்று கேட்டார்கள். "சரியாகத்தான் இருக்கிறேன் பாட்டி" என்றேன்.

7 மணியையும் நான் விடவில்லை. அப்பா வேதாகமத்தில் ஒரு காணிக்கை உறையை அடையாளமாக வைத்திருந்தார். அவர் காய்ச்சலில் படுத்த நாளுக்கு முந்தின இரவு வாசித்தது ஒன்று நாளாகமம் ஏழாம் அதிகாரம். எட்டிலிருந்து நான் தொடங்கினேன். நடுவில் சில நாட்கள் விட்டுப்போயின. ஆனாலும் ஒரு சுற்று முடித்து, மறுபடியும் ஆதியாகமத்திலிருந்து வந்து, சென்ற வருடம் அதே ஏழாம் அதிகாரத்துக்கு வந்து சேர்ந்தேன். முழுக்க முழுக்கப் பெயர்கள். இசக்கார், நப்தலி, மனாசே. சத்தமாக வாசித்துக்கொண்டே போனேன். இருபத்தோராம் வசனத்தில் எப்பிராயீமுடைய பிள்ளைகளை ஊர்க்காரர்கள் கொன்றுபோட்டார்கள் என்று வந்தது. அடுத்த வசனத்தில், அவர்கள் தகப்பன் அநேக நாள் துக்கம் கொண்டாடினான், அவன் சகோதரர்கள் அவனுக்கு ஆறுதல் சொல்ல வந்தார்கள் என்று இருந்தது. வம்சப் பட்டியலுக்கு நடுவில், யாரும் எதிர்பாராத இடத்தில்.

அதற்கு மேல் வாசிக்க முடியாமல் நிறுத்தினேன். அந்தக் கடைசி இரவில் அப்பா இதையும் சத்தமாகத்தான் வாசித்திருப்பார். எதிரில் நான் உட்கார்ந்திருந்தேன்.